கூலிங் கிளாஸ்: கறுப்பா இருந்தா மட்டும் கண்ணுக்குப் பாதுகாப்பா? வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

2015 மே மாதம். சத்தீஸ்கர் மாநிலத்துக்கு வந்த பிரதமரை வரவேற்க ஜக்தல்பூர் விமான நிலையத்தில் நின்ற பஸ்தர் மாவட்ட ஆட்சியர், கூலிங் கிளாஸ் அணிந்தபடி அவரோடு கைகுலுக்கினார். அடுத்த சில நாட்களில் மாநில அரசிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. பிரதமர் முன்னிலையில் கறுப்புக் கண்ணாடி அணிவது அகில இந்தியப் பணி நடத்தை விதிகளுக்கு ஏற்றதல்ல என்பது அதன் சாரம். 'மே மாத வெயிலில் கண்ணாடி போட்டது ஒரு குத்தமா?' என்று சமூக ஊடகங்களில் பெரிய விவாதமே நடந்தது.

அந்த நோட்டீஸ் சரியா தவறா என்பது வேறு விஷயம். கூலிங் கிளாஸை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை அது நன்றாகக் காட்டிவிட்டது. நம்மைப் பொறுத்தவரை அது ஸ்டைல், கொஞ்சம் திமிர், 'சீன் போடுற' சமாச்சாரம். இதனால் நடப்பது என்ன? நாள் முழுக்க வெயிலில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர், வயலில் வேலை செய்பவர், கடலுக்குப் போகிறவர், பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறவர் என யாருக்கு இது உண்மையில் தேவையோ, அவர்களில் பலர் 'நமக்கு எதுக்கு இதெல்லாம்' என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கிப் போடுகிறவர்களோ முகத்துக்குப் பொருந்துதா, எவ்வளவு கறுப்பா இருக்கு, என்ன பிராண்டு என்று பார்த்து வாங்குகிறார்கள். கண்ணைக் காப்பாற்றும் விஷயம் இந்த மூன்றிலும் இல்லை. அது கண்ணுக்கே தெரியாத ஒன்று.

வெயில் கண்ணில் என்ன செய்கிறது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு, தெரியாத புற ஊதாக் கதிர்களும் வருகின்றன. யுவி என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இதில் யுவி-சி வகையை வளிமண்டலமே தடுத்துவிடும். யுவி-பி கதிர்களில் பெரும்பகுதியைக் கண்ணின் முன்பகுதியான கருவிழிப் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. யுவி-ஏ இன்னும் உள்ளே போய் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வரை சேர்கிறது.

ஒரே நாளில் அதிகமாகப் பட்டால் என்ன ஆகும் என்பதை வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கண்ணாடி போடாமல் வெல்டிங் பொறியைப் பார்த்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகு கண்ணில் மணலைக் கொட்டியது போல் உறுத்தும், தண்ணீராக ஊற்றும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்தோலில் ஏற்படும் வெயில் காயம் போன்றது அது. லடாக்கிலோ ரோஹ்தாங்கிலோ பனியில் நாள் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் சுற்றினாலும் இதேதான் நடக்கும். புதுப் பனி தன் மேல் விழும் யுவி கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் யுவி அளவு சுமார் 10 சதவீதம் கூடும். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அந்த வலி ஓரிரு நாளில் போய்விடும். மெதுவாக, வருடக் கணக்கில் சேரும் பாதிப்புதான் பெரிய கவலை. ஒன்று, கண்புரை. வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் வெயிலும் ஒன்று. இன்னொன்று, கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக வளரும் சதை. கடலோர ஊர்களிலும் வயல் வேலை செய்பவர்களிடமும் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்துதான் அது வளரும். அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் சொல்லப்படுகிறது. காது பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவு ஒரு பூதக்கண்ணாடி போலக் குவித்து, சரியாக மூக்குப் பக்க ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ விளக்கிய விஷயம் இது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. முன்னால் எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும், பக்கவாட்டில் இடைவெளி விட்டு வெளிச்சம் உள்ளே வந்தால் வேலை பாதிதான் நடக்கிறது. ஃபேஷனுக்காக வரும் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள், மூக்கின் நுனியில் உட்காரும் வட்டக் கண்ணாடிகள் எல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வெயிலுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

மத்தியானம் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. ஜப்பானின் கனசாவாவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பொம்மைத் தலையின் கண்களில் சென்சார் பொருத்தி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வில், குளிர்காலம் தவிர்த்த மாதங்களில் கண்ணில் அதிக யுவி பட்டது உச்சி வெயிலில் அல்ல. அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பும் பின்பும்தான். காரணம் எளிது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது புருவமும் இமையும் கூரை போல நிழல் தருகின்றன. சாய்ந்திருக்கும்போது நேராகக் கண்ணுக்குள் அடிக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகும்போதும் மூன்றரை மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போதும் 'இது என்ன வெயில்' என்று நாம் கண்ணாடியைப் பையிலேயே வைத்திருப்போம்.

கறுப்பு என்றால் பாதுகாப்பு என்பது உண்மையா?

இல்லை. லென்ஸின் நிறமும் யுவி தடுப்பும் இரண்டு தனித்தனி விஷயங்கள். நிறம் வெளிச்சத்தைக் குறைக்கிறது. யுவியைத் தடுப்பது லென்ஸ் செய்யப்பட்ட பொருளும் அதில் சேர்த்த வேதிப்பொருளும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தன் இயல்பிலேயே யுவியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அதாவது நிறமே இல்லாத, தண்ணீர் மாதிரி தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி யுவியைத் தடுக்கலாம். தார் மாதிரி கறுப்பான ஒரு மலிவு பிளாஸ்டிக் கண்ணாடி அதை உள்ளே விடலாம்.

அப்படி விட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சம் குறைந்ததும் கண்ணின் பாப்பா விரியும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதும் நின்றுவிடும். கண் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இரண்டு வழிகளும் அடைபட்டுப் போக, உள்ளே வரும் யுவிக்குக் கதவு அகலமாகத் திறக்கிறது. 'வெறும் கண்ணோடு போவதைவிட மோசம்' என்று பலர் ஒரே அடியாகச் சொல்வது கொஞ்சம் மிகைதான், அது லென்ஸைப் பொறுத்தது. ஆனால் கண்ணாடி போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கூடுதல் நேரம் வெயிலில் நிற்போம் என்பது நிச்சயம்.

லேபிளில் எதைப் படிக்க வேண்டும்?

முதலில் 'யுவி 400'. 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கும் என்று அர்த்தம். யுவி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். '100 சதவீத யுவி தடுப்பு' என்பதும் கிட்டத்தட்ட இதையே குறிக்கும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. கண்ணாடியின் காம்பின் உட்புறம் அல்லது அட்டையில் 'கேட்டகரி' என்று 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். சன்கிளாஸுக்கான ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள பிரிவு இது. லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை இந்த எண் சொல்லும். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட சாதாரணக் கண்ணாடி. 1 என்றால் 43 முதல் 80 வரை. 2 என்றால் 18 முதல் 43. 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் வெறும் 3 முதல் 8 சதவீதம். நம் ஊர் வெயிலுக்கு 3 சரியாக இருக்கும். மேகமூட்டமான நாளுக்கும் காலை நடைக்கும் 2 போதும். 4 என்பது பனிமலை, பனிப்பாறை போன்ற இடங்களுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு பகலில்கூட வண்டி ஓட்டக் கூடாது என்று அந்தத் தரமே சொல்கிறது. 'இருக்கிறதுலயே கறுப்பா ஒண்ணு குடுங்க' என்று கேட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதைக் கடையில் விற்பவர் ஒரு சின்ன டார்ச்சையும் அட்டையையும் எடுப்பார். ஊதா வெளிச்சம் அடித்தால் அட்டையில் ஒரு படம் ஒளிரும். நடுவில் லென்ஸை வைத்தால் படம் காணாமல் போகும். 'பாத்தீங்களா சார், யுவி ஃபுல்லா பிளாக்!' இந்த வித்தை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மலிவான டார்ச்சுகள் பலவும் யுவியின் கடைசி எல்லையில், கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் கலந்து ஒளி வீசுபவை. எந்தக் கறுப்பு லென்ஸை வைத்தாலும் அந்த ஒளி மங்கத்தான் செய்யும். மற்ற அலைநீளங்களில் லென்ஸ் என்ன செய்கிறது என்று அது சொல்லாது. நல்ல ஆப்டிகல் கடைகளில் லென்ஸை உள்ளே வைத்தால் சதவீதத்தை எண்ணில் காட்டும் யுவி மீட்டர் இருக்கும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியைக்கூடக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலை அதிகமானால் யுவி தடுப்பும் அதிகம் என்பது கிடையாது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறலாம். மலிவுக் கண்ணாடிகளில் பிரச்சினை வேறு. ஒட்டியிருக்கும் 'யுவி 400' ஸ்டிக்கரை நம்ப முடியாது, ஸ்டிக்கர் தனியாக அச்சடித்துக் கிடைக்கிறது. லென்ஸின் பரப்பு சீராக இல்லாமல் காட்சி நெளியலாம். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கதவு நிலையையோ தரை டைல்ஸ் கோட்டையோ பாருங்கள். மெல்ல அசைக்கும்போது கோடு வளைந்து நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தலைவலிக்கு அதுவே காரணமாகிவிடும்.

போலரைஸ்டு என்றால் என்ன?

தண்ணீர், தார் ரோடு, முன்னால் போகும் காரின் கண்ணாடி போன்ற சமதளப் பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்ந்து வரும். கண் கூசுவது அதனால்தான். போலரைஸ்டு லென்ஸ் அந்தத் திசை ஒளியை மட்டும் வடிகட்டிவிடும். அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1929ல் கண்டுபிடித்த தகடுதான் இதற்கு அடிப்படை, அவருடைய நிறுவனமே பிறகு போலராய்டு ஆனது.

நதியிலோ கடலிலோ வேலை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், மேற்பரப்பின் பளபளப்பு போய் நீருக்குள் இருப்பது தெரியும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கும் நல்லது. ஆனால் போலரைஸ்டு என்ற சொல்லுக்கும் யுவிக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டும் லேபிளில் தனித்தனியாக இருக்க வேண்டும். இன்னொரு தொல்லை, சில செல்போன் திரைகளும் வண்டி டிஸ்ப்ளேக்களும் இதன் வழியாகப் பார்த்தால் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்த்து ஓட்டுபவரா நீங்கள்? வாங்குவதற்கு முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை நேராகவும் படுக்கையாகவும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி உண்மையிலேயே போலரைஸ்டா என்பதும் லேப்டாப் திரை முன் அதைத் திருப்பினால் தெரிந்துவிடும், திரை இருண்டு வெளுக்க வேண்டும்.

கிரிக்கெட் மைதானத்தில் கண்ணாடியின் வேலை

2019 ஜனவரி 23. நியூசிலாந்தின் நேப்பியரில் இந்தியா ஆடிய ஒருநாள் போட்டி பாதியில் நின்றது. மழை இல்லை, வெளிச்சக் குறைவும் இல்லை. வெயில் அதிகம்! மறையும் சூரியன் பேட்ஸ்மேனின் கண்ணுக்கு நேராக அடித்ததால் சுமார் அரை மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். வழக்கமாக ஆடுகளங்களை வடக்கு தெற்காக அமைப்பார்கள், நேப்பியரில் அது கிழக்கு மேற்காக இருப்பதுதான் சிக்கல்.

'பேட்ஸ்மேன் ஒரு கூலிங் கிளாஸ் போட்டுக்க வேண்டியதுதானே?' என்று தோன்றும். சிலர் போடுவார்கள், பெரும்பாலானோர் போடுவதில்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்வை, மூச்சுக் காற்றில் லென்ஸ் மங்குவது, கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே குழப்பம் என்று காரணங்கள் இருக்கின்றன. முக்கியமாக, பந்து கையை விட்டு வரும் அரை நொடிக்குள் அதன் தையல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்குக் கிடைக்கிற வெளிச்சம் அத்தனையும் வேண்டும். 2024 செப்டம்பரில் அனந்தபூரில் நடந்த துலீப் டிராபி ஆட்டத்தில் ஸ்ரேயஸ் ஐயர் கூலிங் கிளாஸ் அணிந்து பேட் செய்ய வந்தார். ஏழு பந்தில் பூஜ்யத்துக்கு அவுட். மீம் போடுபவர்களுக்குக் கொண்டாட்டம்தான். அவர் அவுட் ஆனதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ரன் அடித்திருந்தால் அடுத்த வாரமே அந்த மாடல் விற்றுத் தீர்ந்திருக்கும்.

ஃபீல்டருக்கு நிலைமை வேறு. உயரப் போன பந்து சூரியனுக்குள் நுழைந்து மறைந்துவிடும். அந்த இரண்டு நொடியில் கேட்சும் போகலாம், பல்லும் போகலாம். அதனால்தான் பவுண்டரி அருகே நிற்பவர்களின் தொப்பியில் எப்போதும் ஒரு கண்ணாடி உட்கார்ந்திருக்கும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் லென்ஸின் நிறமும் அலங்காரத்துக்கு அல்ல. சாம்பல், பச்சை நிற லென்ஸ்கள் நிறங்களை அதிகம் மாற்றாமல் காட்டும். பழுப்பும் ரோஸ் கலந்த நிறங்களும் நீல ஒளியைக் குறைத்து, வானத்துக்கும் புல்லுக்கும் எதிரே பந்தை எடுப்பாகக் காட்டும். மஞ்சள் மூடுபனிக்கும் மேகமூட்டத்துக்கும் உதவும், நல்ல வெயிலில் பயன் இல்லை.

விளையாட்டுக் கண்ணாடி தனி வகையாக வளர்ந்த கதையில் ஓக்லி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1975ல் கலிஃபோர்னியாவில் ஜிம் ஜனார்ட் என்பவர் தன் வீட்டு கராஜில் மோட்டார் சைக்கிள் கைப்பிடி செய்து விற்க ஆரம்பித்தார். நிறுவனத்துக்கு வைத்தது அவருடைய நாயின் பெயர். அடுத்து மோட்டோகிராஸ் கண்ணாடி, பிறகு சைக்கிள் வீரர்களுக்கு முகத்தின் பாதியை மூடும் கண்ணாடி. 1986ல் டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் அதை அணிந்து ஓட்டியதும், அதுவரை கேலியாகப் பார்த்தவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். 2010ல் சிலி நாட்டுச் சுரங்கத்தில் 69 நாட்கள் சிக்கியிருந்த 33 தொழிலாளர்கள் மேலே வந்தபோது எல்லோர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி இருந்தது நினைவிருக்கிறதா? அதுவும் இந்த நிறுவனம் கொடுத்ததுதான். இரண்டு மாதத்துக்கு மேல் இருட்டில் இருந்த கண்கள் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் மருத்துவக் காரணத்துக்காகப் போடப்பட்டவை.

நீங்கள் ஓடுபவராகவோ சைக்கிள் ஓட்டுபவராகவோ வார இறுதி கிரிக்கெட் ஆடுபவராகவோ இருந்தால், கண்ணாடி முகத்தைச் சுற்றி வளைந்து வர வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், வியர்த்தாலும் மூக்கில் வழுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். நிஜக் கண்ணாடி லென்ஸ் அழகாக, கீறல் விழாமல் இருக்கும். ஆனால் பந்து பட்டால் சில்லு கண்ணுக்குள் போகும். பவர் போடுபவர்களுக்கு விளையாட்டு ஃபிரேமிலேயே பவர் லென்ஸ் வைத்துத் தருகிறார்கள்.

கூலிங் கிளாஸ் பாதுகாப்புக் கவசம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2000ல் டாக்காவில் விக்கெட் கீப்பிங் செய்துகொண்டிருந்த சபா கரீமின் கண்ணில் கும்ப்ளே வீசிய பந்து பட்டு அவருடைய கிரிக்கெட் வாழ்க்கையே முடிவுக்கு வந்தது. 2012ல் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சரின் கண்ணில் பெயில் பட்டு அவர் ஓய்வு பெற நேர்ந்தது. ஸ்டம்ப்புக்கு அருகே நின்றால் ஹெல்மெட்தான்.

வண்டி ஓட்டும்போது

பைக் ஓட்டுபவருக்கு இது வெயிலோடு தூசி, பூச்சி, காற்று எல்லாவற்றுக்கும் தடுப்பு. 'கூலிங்' கிளாஸ் கண்ணைக் குளிர்விக்குமா என்று கேட்டால், கிடையாது. ஆனால் காற்று நேராகப் படாததால் கண் காய்ந்து எரிவது குறையும், அந்தச் சுகத்தைத்தான் கூலிங் என்கிறோம் போலிருக்கிறது. அடர் நீலம், சிவப்பு லென்ஸ்களைத் தவிருங்கள், சிக்னல் விளக்கின் நிறம் குழம்பும்.

ராத்திரி எதிரே வரும் ஹெட்லைட் கூச்சத்துக்கு 'நைட் டிரைவிங் கிளாஸ்' என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். பாஸ்டனில் உள்ள ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனம் வாகன சிமுலேட்டரில் இதைச் சோதித்து 2019ல் முடிவை வெளியிட்டது. மஞ்சள் லென்ஸ் அணிந்ததால் இரவில் பாதசாரிகளைக் கண்டுபிடிப்பது மேம்படவில்லை. நியாயம்தானே? இருட்டில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கிற பொருள் அது. வெளிச்சத்தில் கால்பங்குக்கு மேல் குறைக்கும் எந்த லென்ஸையும் அந்தி நேரத்திலோ இரவிலோ வண்டி ஓட்டும்போது போடக் கூடாது.

வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல். அது கறுப்பதற்கு யுவி வேண்டும். காரின் முன்கண்ணாடி யுவியைத் தடுத்துவிடுவதால் காருக்குள் சரியாகக் கறுக்காது. இரண்டாவது, சூடு ஏற ஏற அது கறுக்கும் அளவு குறையும். சிம்லா குளிரில் நன்றாக இருட்டும் அதே லென்ஸ் நாக்பூரின் மே மாதத்தில் அந்த அளவுக்கு இருட்டாது. 'ஏமாத்திட்டாங்க' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஸ்டைல் எங்கிருந்து வந்தது?

இன்று ஸ்டைல் என்று நாம் நினைக்கும் பல வடிவங்கள் வேலைக்காகப் பிறந்தவை. கண்ணீர்த்துளி வடிவ ஏவியேட்டர், 1930களில் அமெரிக்க விமானிகளின் கண்கூச்சத்துக்காக பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் செய்தது. விமானி கீழே பார்த்துக் கருவிகளைப் படிக்கும்போதும் கண் முழுவதும் மறைய வேண்டும் என்பதால் அந்த வடிவம். அதுதான் ரே-பான். 1986ல் 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டதும் உலகமே போட்டது. 2010ல் 'தபங்' படத்தில் சல்மான் கான் அதே ஏவியேட்டரைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டினார், ஊர் ஊராக இளைஞர்களும் முதுகில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். யுவி தடுப்பு முதுகுக்கு!

தமிழ்நாட்டில் கதை இன்னும் கொஞ்சம் வேறு மாதிரி. எம்.ஜி.ஆரின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்தே ஒரு சின்னம் ஆயின. கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது 1953 விபத்தில் கண்ணில் ஏற்பட்ட காயம். ரஜினி கண்ணாடியைச் சுழற்றிப் போட்டதைப் பார்த்து எத்தனை கண்ணாடிகள் உடைந்தன என்று கணக்கே இல்லை.

கடையில் வரிசையாக இருக்கும் பிராண்டுகள் எல்லாம் தனித்தனி என்று நினைத்தால் அதுவும் பாதிதான் உண்மை. ரே-பானை இத்தாலியின் லக்சோட்டிகா 1999ல் வாங்கியது, ஓக்லியை 2007ல் வாங்கியது. பல ஃபேஷன் நிறுவனங்களின் பெயரில் வரும் கண்ணாடிகளையும் உரிமம் பெற்று அதுவே தயாரிக்கிறது. 2018ல் லென்ஸ் நிறுவனமான எஸ்ஸிலாரோடு இணைந்தது. இந்தியாவில் ராஜஸ்தானின் பிவாடியில் அதற்கு ஆலை உண்டு. நம் பக்கம் டைட்டனின் ஃபாஸ்ட்ராக்கும் லென்ஸ்கார்ட்டின் வின்சென்ட் சேஸும் நடுத்தர விலையில் இதே சந்தையைப் பிடித்தவை. பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பெயருக்கும் ஃபிரேமுக்கும்தான். அதில் தப்பில்லை, தெரிந்து கொடுத்தால் சரி. 'ஃபர்ஸ்ட் காப்பி' வாங்கும்போது பெயர் மட்டும் கிடைக்கும், லென்ஸுக்கு யாரும் பொறுப்பு இல்லை.

மெட்ராஸ் ஐ வந்தால்?

கண் சிவந்தவுடன் நாம் முதலில் தேடுவது கறுப்புக் கண்ணாடியை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எதிரே இருப்பவரைக் காப்பாற்றுவதற்காகப் போடுவது அது. மெட்ராஸ் ஐ பார்வையால் பரவுவதில்லை. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை, கதவுக் கைப்பிடி வழியாகத்தான் பரவுகிறது. கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், அடிக்கடி கண்ணைக் கசக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். கையைக் கழுவாமல் கண்ணாடி மட்டும் போட்டிருப்பவரிடமிருந்து தாராளமாக ஒட்டும். அவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம்.

குழந்தைகளுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். சிறு பிள்ளைகளின் கண் லென்ஸ் தெளிவாக இருப்பதால் பெரியவர்களைவிட அதிக யுவி உள்ளே போகும். திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைக் கண்ணாடியைத்தான் வெயிலில் போடவிடக் கூடாது. யுவி 400 உள்ள, உடையாத லென்ஸும் அகல விளிம்புத் தொப்பியும் போதும். கண்ணாடி போட மறுக்கும் பிள்ளைக்குத் தொப்பி மட்டுமாவது.

விலையில் ஒரு சின்ன வித்தியாசம்

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் பார்வைக் குறையைச் சரிசெய்யும் கண்ணாடிகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. பவர் இல்லாத கூலிங் கிளாஸுக்கு 18 சதவீதம்தான். பவர் போடுபவர்கள் பவரோடு கூடிய கூலிங் கிளாஸ் எடுக்கும்போது பில்லில் எந்த வரி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டு மேல் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் ஃபிரேம் வளையும், லென்ஸின் பூச்சு வெடிக்கும்.

கிரகணத்தைப் பார்க்கலாமா?

2027 ஆகஸ்ட் 2 அன்று வரும் சூரிய கிரகணம் இந்தியாவில் பகுதியாகத் தெரியும். அன்றைக்கு இந்தக் கேள்வி மறுபடி வரும். கேட்டகரி 4 லென்ஸ்கூட 3 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விடும். சூரியனை நேராகப் பார்க்க அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இருட்டான வடிகட்டி வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று தனித் தரம் இருக்கிறது. இரண்டு கூலிங் கிளாஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாலும் பத்தாது.